கழிவுச் சத்தம்

கேம்பல் பே
8 ஜனவரி 2024

அன்பு மாப்பிள்ளை கோகுலுக்கு,

என் தொண்டையில் புற்று வந்திருக்கிறது. குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டும் என்று போர்ட் பிளேரில் டாக்டர் சொல்லிவிட்டார். மார்ச் முதல் வாரம் சென்னையில் ஆபரேஷன். எடுத்தால் உயிர் தங்கும், குரல் தங்காது.

நலம் விசாரித்த பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும். இந்த முறை மாற்றிப் போட்டுவிட்டேன். நீ சுகமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் அக்காள் கேட்கச் சொன்னாள்.

ஆறுதல் எதுவும் எழுதாதே, எனக்கு அது வேண்டாம். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் போடு. நீ மனுஷக் குரலை மெஷினுக்குள் ஏற்றுகிற வேலை செய்கிறாய். என் குரல் போவதற்குள் அதை ஏற்றி வைத்து, பிறகு என் எழுத்தை அந்தக் குரலில் படிக்க வைக்க முடியுமா, முடியாதா?

கடைக்காகக் கேட்கவில்லை. கொப்பரை வாங்கி விற்க விரலும் சிலேட்டும் போதும். ஆனால் உன் அக்காள் ராஜகுமாரிக்கு எழுத்துத் தெரியாது. கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் உன் அப்பா அம்மா பால் வெட்டப் போனால் வீட்டைப் பார்த்தது அவள்தான், பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்கவில்லை. நானும் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். "ஒரு வீட்டுக்கு ஒரு கணக்குப்பிள்ளை போதும்" என்று எழுந்து போய்விடுவாள். நீ சென்னைக்குப் போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சிலேட்டில் எழுதி அவளிடம் எதைக் காட்ட? மீதிக் காலம் முழுவதும் ஊமைச் சைகையா?

போனில் பேசினால் தொண்டை எரிகிறது. போனில் குத்திக் குத்தி எழுதவும் எனக்குப் பொறுமை இல்லை. அதனால்தான் கடுதாசி. நீயும் கடுதாசியே போடு. உன் அக்காளுக்குப் படித்துக் காட்டுவேன், குரல் இருக்கும்வரை.

உன் அத்தான்
குழந்தைவேலு

•

சென்னை
19 ஜனவரி 2024

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். ஆறுதல் வேண்டாம் என்றதால் எழுதவில்லை. எழுதியிருந்தால் நாலு பக்கம் வந்திருக்கும்.

உங்கள் கேள்விக்குப் பதில்: முடியும்.

இந்தப் பார்சலில் ஒரு பதிவுக் கருவியும் மெமரி கார்டுகளும் இருக்கின்றன. வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள், அது குரலை நசுக்கிவிடும். தினம் ஒரு மணி நேரமாவது பேசுங்கள். வாசிக்க வேண்டிய வாக்கியங்களை அச்சடித்து வைத்திருக்கிறேன்.

மெஷின் என்ன செய்கிறது என்று அக்கா கேட்பாள். குரலை நொடிக்கு ஆயிரக்கணக்கான துண்டாக நறுக்குகிறோம். அத்தனையும் எழுதி வைத்தால் இடம் போதாது. அதனால் மெஷின் போன துண்டுகளைப் பார்த்து, வரப்போகிற துண்டை ஊகிக்கும். ஊகத்துக்கும் வந்த குரலுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதிக்கொள்ளும். தப்பினால் ஊகிக்கிற முறையைத் திருத்திக்கொள்ளும். பேசப் பேச உங்கள் குரலின் போக்கு அதற்குப் பிடிபட்டுவிடும்.

அமைதிக்காக ரொம்பச் சிரமப்பட வேண்டாம். உங்கள் போக்கில் வராத சத்தத்தை மெஷினே கழித்துவிடும்.

அக்காவின் உடம்பு எப்படி? போனில் கேட்டால் "நல்லாருக்கேன்" என்பாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

உங்கள்
கோகுல்

•

கேம்பல் பே
5 பிப்ரவரி 2024

மாப்பிள்ளைக்கு,

பார்சல் கப்பலில் நனையாமல் வந்தது. இரண்டு கார்டு நிரப்பி அனுப்பியிருக்கிறேன்.

உன் மெஷின் வேலை எனக்கு நன்றாகப் புரிந்தது. மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்து அறுபது கிலோ என்பேன். தராசில் ஐம்பத்தெட்டு காட்டும். அந்த இரண்டு கிலோவை மனசில் வைத்துக்கொண்டு அடுத்த மூட்டையைத் தூக்குவேன். உன் கம்பெனி இதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கும்.

கொப்பரைக் குடோனில் உட்கார்ந்து பேசினேன். மூட்டைகள் எதிரொலியைக் குடித்துவிடுகின்றன. ஆனால் நீ அனுப்பிய வாக்கியங்கள் உருப்படி இல்லை. "இன்று வானிலை மிகவும் இனிமையாக உள்ளது" என்று படித்தேன். உன் அக்காள் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாங்க, யாருகிட்ட கதைக்கிறீங்க? கலெக்டருகிட்டயா?"

"சும்மா இரு, பதிவாகுது."

"ஆகட்டுமே. வெளியே மழை கொட்டுது, இவரு இனிமைங்குறாரு."

அதோடு அந்தத் தாளை மடித்துவிட்டேன். நான் நிஜமாகப் பேசுகிறதைத்தான் பேசியிருக்கிறேன். பஞ்சாபிக் கிழவரிடம் இந்தியில் போட்ட சண்டையும் இருக்கிறது. "அரே சேட், தராசு மேல விரல் எதுக்கு?" என்று அவர் கத்துவதும் விழுந்திருக்கும். விரல் வைக்கவில்லை என்பதை நீயாவது நம்பு. நடுவில் ஆள் வந்தால் எழுந்து கடைக்குப் போய்விடுவேன், கருவி ஓடிக்கொண்டே இருக்கும். அதை எல்லாம் நீ கழித்துக்கொள்.

உன் அக்காள் ஒன்று எழுதச் சொல்கிறாள். "நான் சொன்னது தம்பிக்குக் கேட்டுச்சான்னு கேளுங்க." என்னைக் கிண்டல் செய்ததைத்தான் சொல்கிறாள் என்று நினைக்கிறேன். என்ன என்றால் "அது எனக்கும் தம்பிக்கும்" என்கிறாள். மறக்காமல் பதில் போடு, தினம் கேட்கிறாள்.

அவள் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மேட்டில் ஏறினால் பாதி வழியில் நின்று கடலைப் பார்க்கிறாள். வயசாகிறது என்கிறாள்.

குழந்தைவேலு

•

சென்னை
15 பிப்ரவரி 2024

அன்புள்ள அத்தானுக்கு,

கார்டுகள் வந்தன. நீங்கள் தாளை மடித்தது நல்லதாகப் போயிற்று. சண்டையில்தான் உங்கள் குரல் முழுசாக வெளியே வருகிறது.

சுத்தம் செய்த பதிவை நேற்று முழுவதும் கேட்டேன். மழை இல்லை, படகு மோட்டார் இல்லை, சர்தார்ஜி இல்லை. நீங்கள் மட்டும். ஆபீஸில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். உங்கள் கார்டுகளைத் துடைத்து இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், இன்னும் கொஞ்சம் பேசி அனுப்புங்கள்.

அக்காவிடம் சொல்லுங்கள்: எல்லாமே தெளிவாகக் கேட்டது. அக்கா சொல்லிவிட்டால் மறுபேச்சு உண்டா? அப்படியே செய்கிறேன். எதற்கும் கவலைப்பட வேண்டாம்.

மீனம்பாக்கத்தில் வந்து அழைத்துக்கொள்கிறேன். அக்காவும் வருகிறாள் அல்லவா?

கோகுல்

•

கேம்பல் பே
25 பிப்ரவரி 2024

மாப்பிள்ளைக்கு,

நாளை புறப்படுகிறேன், நீ திருப்பி அனுப்பிய கார்டுகளில் பேச நேரம் கிடைக்கவில்லை. இது வந்து சேர்வதற்குள் நானே வந்துவிடுவேன் போல. ஆனாலும் எழுதத் தோன்றியது.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்தேன். "எல்லாமே தெளிவாகக் கேட்டது, அப்படியே செய்கிறேன்" என்ற இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். படித்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உலை வைக்கப் போய்விட்டாள். அன்றைக்குச் சாப்பாட்டில் வஞ்சனையே இல்லை, மீன் பொரித்து, ரசம் வைத்து, அப்பளம் வேறு. தம்பியிடம் என்ன வரம் வாங்கினாயோ என்றேன். சிரித்தாள்.

அவள் சென்னைக்கு வரவில்லை. கப்பலும் ஒத்துக்கொள்ளாது, கடையைப் பார்க்க ஆள் வேண்டும் என்கிறாள். பக்கத்து வீட்டுச் சொர்ணம்மா துணைக்கு வந்து படுத்துக்கொள்வாள். எனக்கு மனசில்லை. "நீங்க போயிட்டு வாங்க, நான் எங்க போயிடப் போறேன்" என்று பெட்டியைக் கட்டிவிட்டாள்.

என் வாயால் படித்துக் காட்டிய கடைசிக் கடிதம் உன்னுடையது.

குழந்தைவேலு

•

சென்னை
22 ஏப்ரல் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தது சொர்ணம்மா போனில் தெரிந்தது. கழுத்துத் துவாரத்தில் ஈரத்துணி மறக்காமல் கட்டிக்கொள்ளுங்கள். குளிக்கும்போது தண்ணீர் உள்ளே போய்விடக் கூடாது.

கருவியை அனுப்பிவிட்டேன். தமிழில் எழுதி, பச்சைப் பொத்தானை அமுக்கினால் பேசும். ஒரு குறை இருக்கிறது, முன்பே சொல்லிவிடுகிறேன். சாதாரணப் பேச்சு அச்சாக உங்கள் குரலேதான். கோபத்திலோ சிரிப்பிலோ குரல் சட்டென்று எகிறுகிற இடத்தில் மெஷினின் ஊகம் பின்தங்கிவிடுகிறது. அதனால் எப்போதும் கொஞ்சம் நிதானமான மனிதராகவே பேசுவீர்கள்.

மழைக்கு முன்னால் வரத்தான் நினைத்தேன். புது வேலை ஒன்று தலையில் விழுந்திருக்கிறது, கப்பலில் இருந்து கரைக்குப் பேச்சு அனுப்புகிற கருவி. முடித்துவிட்டு வருகிறேன். அக்காவிடம் சொல்லுங்கள்.

கோகுல்

•

கேம்பல் பே
14 மே 2024

மாப்பிள்ளைக்கு,

கருவி வந்தது. எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன், அதனால் உடனே எழுதுகிறேன்.

அவள் அடுப்படியில் இருந்தாள். "குமாரி, காப்பி" என்று அமுக்கினேன். கையில் இருந்த கரண்டியோடு திரும்பி, கதவுப் பக்கம் பார்த்தாள். வேறு யாரோ வந்துவிட்டதாக நினைத்திருப்பாள். பிறகு என் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னொரு தரம் கூப்பிடச் சொல்லுங்க."

"குமாரி."

"மிச்சம் மரியாதையா கதைக்குது. இத்தனை வருஷத்துல நீங்க இப்படிக் கூப்பிட்டதே இல்ல."

"கோபம் வராதாம் இதுக்கு" என்று எழுதி அமுக்கினேன்.

"அப்ப இவரையே வச்சிக்கிறேன். நீங்க கடையில போய்ப் படுங்க."

இப்போது ராத்திரி சாப்பாடு ஆனதும் தினம் அன்றைய கடைக் கதை சொல்ல வேண்டும். எனக்கு விரல் மெதுவாகத்தான் போகிறது. அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். பழைய குரலில் பேசியபோதுகூட இவ்வளவு பொறுமையாக என்னை அவள் கேட்டதில்லை.

உனக்கு நன்றி எழுத மாட்டேன். நீ பன்னிரண்டு வயதில் சுனாமியில் அப்பா அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு வந்து நின்றபோது அவள் உன்னிடம் எதுவும் எதிர்பார்த்தா சோறு போட்டாள்? அது போல இது.

அவள் கொஞ்சம் களைத்துப்போகிறாள். காலில் வீக்கம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அமுக்கினால் "தம்பி வரட்டும்" என்கிறாள். நீ என்ன டாக்டரா? எப்போது வருகிறாய் என்று ஒரு வரி எழுது.

குழந்தைவேலு

•

கேம்பல் பே
3 ஜூலை 2024

கோகுலுக்கு,

உன் அக்காள் போய்விட்டாள். சொர்ணம்மா போனில் சொல்லி உனக்குத் தெரிந்த விஷயம்தான். நீ போர்ட் பிளேர் வரை ஓடி வந்து, அங்கே கராச்சர்மாவில் கூட்டாளி வீட்டில் கப்பலுக்காகக் காத்துக் கிடந்து, திரும்பிப் போனதும் தெரியும். இருந்தாலும் நான் கையால் எழுத வேண்டும் என்று இருந்தது. எழுத இவ்வளவு நாள் ஆயிற்று.

மூச்சுத் திணறி விழுந்தாள். இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். போர்ட் பிளேருக்கு ஹெலிகாப்டரில் அனுப்பச் சொன்னார்கள். மழையும் காற்றும் விடவில்லை, எதுவும் பறக்க முடியாது. இதயத்தில் வால்வு கெட்டிருந்ததாம். இன்று நேற்று வந்தது இல்லை, அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கருவியில் அவசரமாக எழுதினேன். எழுத்து தப்புத் தப்பாக விழுந்து, பெட்டி என்னென்னவோ உளறியது. அவள் கண்ணைத் திறந்து, "அத வையுங்க, கையைப் பிடிங்க" என்றாள். வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

இப்போது நான் உன்னிடம் கேட்பது ஒன்று. வீட்டில் அவள் போட்டோ இருக்கிறது, கல்யாணச் சேலை இருக்கிறது. குரல் இல்லை. என் குரலை எடுக்கத்தான் இரண்டு பேரும் முண்டினோம். அவள் குரலை எடுக்க வேண்டும் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. ஆனால் நான் பேசியபோது அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அதை நீ கழித்துவிட்டதாக எழுதியிருந்தாய்.

என் கடை முறை உனக்குத் தெரியும். ஒருவன் கொண்டுவந்த கொப்பரையில் பூஞ்சை பிடித்ததைப் பொறுக்கினால், பொறுக்கியதை அவன் சாக்கிலேயே போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். கழித்தது கொடுத்தவனுக்கு. இந்தத் தீவில் ஒருத்தன் கழிவையும் நான் வைத்துக்கொண்டதில்லை. நீ கழித்ததை எனக்கு அனுப்பு.

குழந்தைவேலு

•

சென்னை
29 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

சாப்பிடுகிறீர்களா? சொர்ணம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களுக்குப் பதில் எழுதாமல் இவ்வளவு நாள் இருந்ததற்குக் காரணத்தை எழுதுகிறேன்.

சுத்தம் செய்த பதிவில் அக்கா இல்லை. ஒரு இடத்தில்கூட இல்லை. கார்டுகளை நானே துடைத்துவிட்டேன். ஆனால் கழித்த சத்தத்தை மெஷின் சோதனைக்காகத் தனியாகச் சேர்த்து வைத்திருந்தது. யாரும் திறந்து பார்க்காத இடம். உங்கள் கடிதம் வந்த அன்றே திறந்தேன்.

மழை இருக்கிறது. படகு இருக்கிறது. அக்கா இருக்கிறாள். கலெக்டர் என்று கேலி செய்வது, பாக்கு வெட்டுவது, சிரிப்பது எல்லாம் இருக்கிறது. அவள் சும்மா இருக்கும்போது மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. விடாமல் ஒரே சீராக வந்ததால் அதை மெஷின் மழையோடு சேர்த்துவிட்டது.

நீங்கள் எழுந்து கடைக்குப் போன இடங்கள் இருக்கின்றன அல்லவா? அங்கே அவள் கருவியின் கிட்டே வந்து என்னிடம் பேசுகிறாள். "தம்பி, போன்ல சொன்னா நீ உடனே திருப்பிக் கதைப்ப, அழுவ. இதுலன்னா நான் மட்டும் சொல்லலாம்" என்று ஆரம்பிக்கிறாள். முடிக்கும்போது "கேட்டுச்சான்னு மட்டும் அத்தான்கிட்ட எழுது, போதும். அவருக்குச் சொல்லிடாத" என்கிறாள்.

நடுவில் சொன்னதை எழுத என் கை வரவில்லை. என்னை ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறாள். நான் அப்போது அதைக் கேட்கவே இல்லை, அத்தான். உங்களைக் கிண்டல் செய்ததைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, கேட்டேன் என்று எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு போனில் பேசின ஒவ்வொரு முறையும் "எப்ப வர்ற" என்று மட்டும்தான் கேட்டாள்.

இதை உங்களுக்கு அனுப்பவா, வேண்டாமா? சொல்லிடாத என்றவள் இப்போது இல்லை. நீங்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. இந்தக் கழிவிலிருந்து அவள் குரலை எடுத்து, உங்களுக்குச் செய்ததைப் போல அவளுக்கும் ஒரு கருவி செய்ய முடியும். ராத்திரியில் உங்களுக்குப் பேச்சுத்துணையாக இருக்கும். வேண்டும் என்றால் செய்கிறேன்.

கோகுல்

•

கேம்பல் பே
16 செப்டம்பர் 2024

அன்பு மாப்பிள்ளை கோகுலுக்கு,

நான் சாப்பிடுகிறேன். சொர்ணம்மா கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவருகே நிற்கிறாள், சாப்பிடாமல் தப்ப முடியாது. நீ உன் உடம்பைப் பார்.

நீ எழுதாமல் விட்டது எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருஷம் வியாபாரம் செய்தவனிடம் சாக்கின் இரண்டு நுனியையும் காட்டிவிட்டு நடுவில் என்ன என்று மறைக்க முடியுமா? சொர்ணம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஒப்புக்கொண்டாள். டிசம்பரில் நான் போர்ட் பிளேருக்கு டாக்டரைப் பார்க்கப் போன அன்று இரண்டு பேரும் இங்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். மெயின்லேண்டில் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். இவள் ஒரு வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு ஆபரேஷனா என்று யோசித்திருக்கிறாள். "அத்தானுக்கு முதல்ல முடியட்டும், அப்புறம் நீ வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போ தம்பி." உன்னிடம் இதைத்தான் சொல்லியிருப்பாள். "தம்பி வரட்டும்" என்று ஏன் சொன்னாள் என்பது இப்போது புரிகிறது. உனக்கு நான் எழுதியிருந்தேன், உனக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

நீ இதைத் தலையில் ஏற்றிக்கொண்டு திரிகிறாய். கொஞ்சம் இறக்கி வை. நீ கேட்டேன் என்று எழுதினாய், சரி. அதை அவளுக்குச் சொன்ன வாய் எது? இரண்டு தரம் படித்தேன், அவள் கேட்டதால். என் சொந்தக் குரல் கடைசியாக உருப்படியாகச் செய்த வேலை அதுதான். அதை நம்பித்தான் அவள் மீன் பொரித்தாள், என் பெட்டியைக் கட்டினாள், நாலு மாதம் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். இதில் உன் பங்கு எவ்வளவோ அவ்வளவு எனக்கும் உண்டு. நீ மட்டும் சுமந்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அவளுக்கு ஒரு கருவி செய்வதாக எழுதியிருக்கிறாய். அன்பில்தான் கேட்கிறாய், தெரியும். வேண்டாம். என் குரலில் உன் மெஷின் ஊகித்துப் பேசினால் தப்பு எங்கே என்று சொல்ல நான் இருக்கிறேன். அவளை ஊகித்தால் யார் திருத்துவது? நானும் ஊகித்தேன், வயசாகிறது என்று. நீயும் ஊகித்தாய், கிண்டல் செய்கிறாள் என்று. போதும்.

இனி நமக்குள் பேசி முடிப்போம். உனக்குச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என்னைக் கேலி செய்ததும் சிரித்ததும் மூச்சு இழுத்ததும் என்னுடையது. உன்னிடம் தனியாகச் சொன்னது உன்னுடையது, அதை நான் கேட்க மாட்டேன், அவள் சொல்லிடாத என்றிருக்கிறாள். அவள் சொல்லாத ஒரு வார்த்தையை எந்த மெஷினும் அவள் குரலில் சொல்லக் கூடாது. கார்டு தபாலில் வரக் கூடாது, உன் கையில் வர வேண்டும். மழை விட்டதும் முதல் கப்பலில் வா. வரச் சொன்னது அவள், அப்படியே செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்தது நீ. அதுவரை என் பெட்டியை நான் அமுக்கப் போவதில்லை. நீ வந்து இறங்குகிற அன்று கப்பல்துறையில் நிற்பேன், உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன்.

குழந்தைவேலு